மாப்பிள்ளைப் பீங்கான்

மாப்பிள்ளைப் பீங்கான் என்று ஒன்று உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், நம் வயதுக்காரிகள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்த கையோடு கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய், விரலால் சுண்டிப் பார்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒன்று வாங்கி வருவார்கள். அது அலுமாரியின் மேல்தட்டில் பழைய சீலைக்குள் சுற்றிக் கிடக்கும். நாமெல்லாம் விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டில் தின்போம். அந்த ஒன்று மட்டும், இன்னும் முகம்கூடப் பார்க்காத ஒரு மருமகனுக்காகக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது நீலக் கரை போட்டது. சோறும் மீன் ஆணமும் நிறைந்தால் இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான்தான்.

அந்தப் பீங்கானால் எங்கள் குடும்பம் பட்ட வெட்கத்தை நான் வெளியில் சொன்னதில்லை. பேரப்பிள்ளைகளிடம் ஒரு தடவை ஆரம்பித்தேன். “சோத்துக்கா இவ்வளவு சண்டை?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். உங்களுக்கு என்றால் விளங்கும். சோற்றுக்காக நாம் போடாத சண்டையா?

சூறாவளிக்கு மறுவருஷம் எங்கள் வீட்டு மூத்த மகளுக்கு, என் ராத்தாவுக்கு, கலியாணம் நடந்தது. எனக்குத் தலையில் போட்ட சீலை ஒழுங்காக நிற்காத வயது. ஊரில் பாதித் தென்னைகள் தலை இல்லாமல் நின்றன. தேங்காய் வாங்கப் போனால் முகத்தைப் பார்த்து விற்பார்கள். வாப்பாவுக்குச் சொறிக்கல்முனைப் பக்கம் வயல் இருந்தது. அந்தப் போக நெல்லை விற்று ஓடு மாற்றினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், வீட்டை ராத்தாவின் பெயருக்கு எழுதினார். நம் ஊர்களில் பெண் எங்கும் போவதில்லையே. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். முன்வீடு ராத்தாவுக்கு என்றாகி, உம்மாவும் வாப்பாவும் நானும் பின்பக்கத்து அறைக்கு நகர்ந்தோம். முதல் பிள்ளை பிறக்கும் வரை உலை மட்டும் ஒன்று. குசினி உம்மாவின் கையில்தான்.

மாப்பிள்ளை மருதமுனைக்காரர், தறி வீட்டுப் பிள்ளை. சூறாவளியில் அவர்களுடைய தறிக்கொட்டில் விழுந்துபோக, கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தார். உம்மாவின் மூத்த காக்கா, எங்கள் பெரிய மாமா, இந்தச் சம்பந்தத்துக்கு முகத்தைச் சுளித்தார். “வயல்காரன் வீட்டுக்குத் தறிக்காரன் என்னத்துக்கு?” என்று கேட்டார். வாப்பா, “நல்ல புள்ள” என்றார். வாப்பா ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவது எப்போதும் அவ்வளவுதான். கலியாணத்தன்று குரவை போட்டுப் போட்டுப் பெண்களின் தொண்டை கட்டிப்போனது. பெரிய மாமா மட்டும் பந்தலுக்கு வெளியே நின்று நெல் விலை கதைத்தார்.

அந்த மாப்பிள்ளை, என் மச்சான், மெல்லிய மனிதர். நடந்தால் சத்தம் வராது, கதைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். வரும்போது தன் கையால் நெய்த ஒரு கதவுச் சீலை கொண்டுவந்திருந்தார், மஞ்சளும் பச்சையும் கோடு போட்டது. உம்மா அதை நடுவாசலில் தொங்கவிட்டாள். அந்தக் காலத்தில் மாமியார் மருமகனுக்கு முகம் காட்டுவது மரியாதை இல்லை. சீலைக்கு அந்தப் பக்கம் மச்சான் சாப்பிடுவார். இந்தப் பக்கம் உம்மா நிற்பாள். நடுவில் நான்.

“புள்ள, உம்மாட்டச் சொல்லு, ஆணம் நல்லாரிக்கி எண்டு.”

அது உம்மாவுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சீலையை விலக்கிக்கொண்டு வந்து, “ஆணம் நல்லாரிக்காம்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உம்மாவின் முகம் மலரும்.

“இன்னும் ஒரு அகப்பை போடட்டா எண்டு கேளு.”

அது மச்சானுக்கும் கேட்டிருக்கும். நான் போய்ச் சேருவதற்கு முன்பே பீங்கானுக்கு மேலே கையை விரித்திருப்பார். ஒரு வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேர் இப்படித்தான் கதைத்தார்கள். அதில் ஒரு பிழையும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கோ பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

காலையில் சாய்ந்தமருதிலிருந்து சைக்கிள் பெட்டியில் மீன் வரும். உம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரரின் பரம்பரையையே விசாரித்துத்தான் வாங்குவாள். கொறுக்காய்ப் புளி ஊறும் மணம், வறுத்த மிளகாயின் காரம், சட்டி கொதிக்கிற சத்தம் எல்லாம் ஒழுங்கை வரைக்கும் போகும். பகல் லுஹர் தொழுதுவிட்டு மச்சானின் சைக்கிள் மணி கேட்கும்போது பன்பாயும் அதன்மேல் வெள்ளைச் சீலையும் விரித்தாகியிருக்கும். கைகழுவத் தண்ணீர்ச் செம்பை நான் பிடிப்பேன். மச்சானும் வாப்பாவும் சாப்பிட்டு எழும்புவார்கள்.

மீனை வெட்டும்போதே பங்கு முடிவாகிவிடும். நடுத்துண்டு ஆண்களுக்கு. தலை, வால், செட்டைப் பக்கம் பெண்களுக்கு. ஆண்கள் எழும்பிய பிறகு குசினிக்குள் பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதை நாங்கள் பங்கு போடுவோம். ராத்தாவுக்கு வீடு இருந்தது, வளவு இருந்தது, கிணறு இருந்தது. மீனில் வால்தான் இருந்தது. இதையும் அன்று யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. உம்மாவும் அப்படித்தான் தின்றாள்.

முதல் சில மாதங்கள் மச்சான் பீங்கானை விரலால் வழித்துத் தின்றார். உம்மா அதை வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொல்லித் திரிந்தாள். “பீங்கானை வழிச்சுத் தின்னுறது நபியவங்கட சுன்னத்து. வளத்த வளர்ப்பு அப்பிடி.” பிறகு ஒரு நாள் மருத்துவிச்சி வந்து ராத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்து, முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லிப் போனாள். வீடே சந்தோஷப்பட்டது. அந்த நாட்களில்தான் பீங்கானில் மிச்சம் வரத் தொடங்கியது.

அது தின்ன முடியாமல் அளைந்து வைத்த மிச்சம் இல்லை. சோற்றை நடுவால் பிரித்து, ஒரு பாதியைத் தொடாமல் ஒதுக்கி, அதன்மேல் மீனின் நடுத்துண்டை முழுசாக வைத்திருப்பார். நான் தூக்கிக்கொண்டு வந்ததும் உம்மா பார்த்தாள். ஆணத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். “உப்புச் சரிதானே,” என்றாள். அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும்.

உம்மா தோற்க விரும்புகிறவள் இல்லை. மறுநாள் இறால் வந்தது. பிறகு நண்டு. பெருநாளுக்கு வைத்திருந்த நெய்யை எடுத்து நெய்ச்சோறு ஆக்கினாள், மாட்டிறைச்சி ஆக்கினாள். இருக்கிற இரண்டு தேங்காயையும் உடைத்துப் பால் ஆணம் வைத்தாள். எது வைத்தாலும் பாதி திரும்பி வந்தது. நல்ல பாதி. இறைச்சி என்றால் எலும்பில்லாத துண்டு, நண்டு என்றால் பெரிய கால்.

அந்தச் சோற்றை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். உம்மா பீங்கானை என் கையிலிருந்து வாங்கி, பின்வளவுக்குப் போய், கோழிகளுக்குக் கொட்டினாள். கொட்டும்போது கோபத்தில் அவளுடைய கைவளையல்கள் பீங்கானில் படும்.

ஒரு நாள் ராத்தா கையை நீட்டினாள். வயிற்றில் பிள்ளை வந்தபிறகு அவளுக்கு மீனில் ஒரே ஆசை. “தாங்க உம்மா, அதை நான் தின்னுறன். முழுத் துண்டு கெடக்கு.”

உம்மா பீங்கானைப் பின்னுக்கு இழுத்தாள். “நீ இந்த வீட்டுக்காரி. புருசன்ட மிச்சத்தைத் தின்னுறதுக்கு நீ ஆருட வீட்டுக்கும் போகல்ல. அவருதான் உன்ட வீட்டுக்கு வந்தவரு. விளங்கிச்சா?”

யோசித்துப் பாருங்கள். கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஐந்தாறு கைகள் ஒன்றாகச் சோறு அள்ளுகிற சனம் நாம். அடுத்தவர் கை பட்டது என்று நாம் எப்போது பார்த்தோம்? உம்மாவும் பார்க்கிறவள் இல்லை. நான் வேண்டாம் என்று தள்ளிய சோற்றை வாரித் தன் வாயில் போடுகிறவள்தான். ஆனால் வீடு மகளுடையது, வந்தவர் மருமகன். வந்தவர் ஒதுக்கியதை வீட்டுக்காரி தின்பதா? இந்த வீறாப்பு நம் பெண்களிடம் மட்டும்தான் இருக்கும். வேறு ஊர்ப் பெண்களுக்கு வீடும் இல்லை, வீறாப்பும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி வாலைச் சப்பிக்கொண்டிருக்க, நடுத்துண்டு கோழிக்குப் போனது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் முகம் கூசுகிறது.

கோழிகள் கொழுத்தன. அடுத்த வளவுச் சாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அல்லாஹ்வே, உங்கட ஊட்டுக் கோழியாப் பொறந்திரிக்கலாம் நாங்க” என்றாள். பகிடிதான். ஆனால் உம்மாவுக்கு அது சுருக்கென்று குத்தியது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டுச் சோறு பிடிக்கவில்லையாம் என்ற கதை ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது என்று அவள் விளங்கிக்கொண்டாள். குர்ஆன் ஓதுகிற இடத்தில் என்னிடமும் கேட்டார்கள். “உங்கட மச்சான் வெளியில கடையில தின்னுறாராமே?” நான் பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மச்சான்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது.

ஏன் அவரிடமே கேட்கவில்லை என்றால், யார் கேட்பது? உம்மா சீலைக்கு இந்தப் பக்கம். வாப்பா பேசாதவர். என் மூலமாகக் கேட்கிற கேள்வியா அது? ராத்தாவுக்கோ கேட்க வெட்கம். அப்படியிருக்க, ஒரு காலையில் கடைக்குப் புறப்படும்போது கிணற்றடியில் வைத்து மச்சானே அவளிடம் கேட்டார். “நேத்து மீன் எப்பிடி?” ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் வந்து அழுதாள்.

“குத்திக் காட்டுறாரு உம்மா. மீன் எப்பிடியாம்.”

“கேட்டியா,” என்றாள் உம்மா, அடுப்பிடம் சொல்வது மாதிரி. “என்ட சமையலை நக்கல் பண்ணுறாரு.”

என்னிடமும் ஒன்று கேட்பார். பின்னேரம் கடை முடிந்து வந்ததும் சைக்கிளைச் சாத்திக்கொண்டே, “ராத்தா திண்டுட்டாவா புள்ள?” என்பார். “ஓம் மச்சான், திண்டுட்டா” என்பேன். அது உண்மைதானே, தின்றுதானே இருந்தாள். அதைக் கேட்டதும் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போவார். அந்தச் சிரிப்பையும் நான் உம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதுவும் நக்கல் கணக்கில் சேர்ந்தது.

கடைசியில் உம்மா பெரிய மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, வாப்பாவோடும் மச்சானோடும் சாப்பிட உட்கார்ந்தார். பெரிய மாமா பள்ளிவாசலில் முதல் வரிசைக்காரர். கதைத்தால் வளவெல்லாம் கேட்கும். சீலைக்கு இந்தப் பக்கம் உம்மாவும் ராத்தாவும் நின்றார்கள். ராத்தாவின் வயிறு அப்போது நன்றாகத் தெரிந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு உள்ளே நின்றேன். மச்சான் வழக்கம்போலச் சோற்றைப் பிரித்து, பாரைத் துண்டை எடுத்து ஒதுக்கிய பாதியின்மேல் வைத்தார்.

“தம்பி, ஒரு விசயம்,” என்றார் பெரிய மாமா. “எங்கட சோறு உங்களுக்குப் பிடிக்கல்லயா?”

“நல்லாரிக்கி மாமா.”

“நல்லாரிந்தா ஏன் மிச்சம்?”

மச்சானின் காது சிவந்தது. மாமனாரையும் பார்த்தார், பீங்கானையும் பார்த்தார்.  எந்த மனிதன் சொல்லுவான், நீங்களே சொல்லுங்கள். மாமனாருக்கு முன்னால், மாமியாரும் கேட்டுக்கொண்டிருக்க, என் பெண்சாதிக்கு வைக்கிறேன் என்று அந்தக் காலத்தில் எவனுக்கு வாய் வரும்?

“இது வயல் சோறு,” என்றார் பெரிய மாமா. அவருடைய குரல் ஏறிக்கொண்டே போனது. “ஒரு பருக்கைக்கு எத்தனை பேருட வேர்வை தெரியுமா? நூல் சுத்துற ஊட்டுக்காரருக்கு அது விளங்கா. நீங்க பெரிய மனிசன் மாதிரி ஒதுக்கி வெச்சிட்டு எழும்புறீங்க. அது எங்க போகுது தெரியுமா? கோழிக்குப் போகுது. ஒவ்வொரு நாளும் கோழிதான் திங்குது.”

மச்சான் நிமிர்ந்தார். “கோழிக்கா?”

“ஓம், கோழிக்கு.”

அவர் பெரிய மாமாவைப் பார்க்கவில்லை. சீலையைப் பார்த்தார். சீலை அசையவில்லை. பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் தண்ணீர் ஊற்றினேன். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒழுங்கையால் போனார். பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

“பாத்தீங்களா மரியாதையை,” என்றார் பெரிய மாமா. “திருப்பிக் கேக்கிறான், கோழிக்கா எண்டு!” சொல்லிவிட்டுத் தன் பங்கை முழுசாகத் தின்று முடித்தார்.

மச்சான் அன்று வரவில்லை, அடுத்த வெள்ளியும் வரவில்லை. மருதமுனையில் தாய் வீட்டில் இருக்கிறார் என்று கடைக்காரர் மூலம் தெரிந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டு இறங்கிப் போனால் என்ன அர்த்தம் என்று நம் ஊர்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய மாமா வந்து, “அவனா வரட்டும். இல்லாட்டிப் பள்ளியில வெச்சுப் பேசி முடிச்சிடுவம்” என்றார். ராத்தா அதைக் கேட்டுக்கொண்டு உரலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா இப்போது நடுத்துண்டை அவளுக்கே வைத்தாள். ராத்தா அதைத் தொடவில்லை. பிள்ளை பிறக்கும்போது காதில் பாங்கு சொல்ல அதன் வாப்பா இல்லாமல் போய்விடுமோ என்று என்னிடம் ஒரு தடவை கேட்டாள். என்னிடம் கேட்டு என்ன பயன்? கேட்பதற்கு வேறு ஆள் இல்லை அவளுக்கு.

ஒரு காலையில் வாப்பா சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குப் புது அரிசியைக் கட்டினார். என்னைப் பார்த்து, “ஏறு,” என்றார். எங்கே போகிறோம் என்று உம்மா கேட்கவில்லை. பாண்டிருப்பைக் கடக்கும்போது கோயில் மணி அடித்தது. 

மருதமுனைக்குள் போனதும் தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கத் தொடங்கியது. வளவுகளில் சாயம் தோய்த்த நூல் சிவப்பும் நீலமுமாகக் கம்புகளில் காய்ந்தது. அவர்கள் வீட்டில் தறிக்கொட்டிலுக்குப் பாதிதான் கிடுகு போட்டிருந்தார்கள். மச்சான் தறியிலிருந்து எழும்பி வந்து வாப்பாவுக்கு சலாம் சொன்னார். அவருடைய வாப்பாவும் வந்தார். ஒருவரும் விஷயத்தைத் தொடவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அங்கே கதை இல்லை.

என்னை மச்சானின் உம்மா உள்ளே கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். நான் அவளை மாமி என்று கூப்பிட்டேன். அந்தச் சின்ன வீட்டில் சீலை தொங்கவில்லை. ஆண்கள் சாப்பிடுகிற இடத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு அரைச்சுவர்தான். ஆண்கள் சாப்பிட்டு முடிந்ததும் மாமி போய்த் தன் கணவருடைய பீங்கானை எடுத்து வந்தாள். சோறு நடுவால் பிரிந்திருந்தது. ஒரு பாதி தொடாமல் இருந்தது. அதன்மேல் மீனின் நடுத்துண்டு முழுசாக இருந்தது.

மாமி என் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தச் சோற்றில் கையை வைத்தாள்.

“என்ன புள்ள அப்பிடிப் பாக்கிற?”

“அது மிச்சச் சோறு மாமி.”

மாமி சிரித்தாள். “இது என்ட பங்கு மகள். கலியாணம் முடிச்ச நாளில இரிந்து என்ட மனிசன் இப்பிடித்தான். கடைசியாத் தின்னுறவளுக்குச் சட்டியில என்ன மிஞ்சும்? வாயால ஒண்டும் சொல்ல மாட்டாரு. பீங்கானில வெச்சிட்டு எழும்பிருவாரு. உங்கட மச்சானும் அதைப் பாத்துத்தானே வளந்தவன்.” ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டாள். “ராத்தா இப்ப நல்லாத் தின்னுறாவா? அவக்கு மீன் எண்டா உசிர், நான் வெச்சிட்டுத்தான் எழும்புற எண்டு சொன்னான். இப்ப தறியில வேலை கூடவாம், அதுதான் இஞ்ச நிக்கிறான். போகச் சொல்லித்தான் நானும் சொல்லுறன்.”

மச்சான் தன் வீட்டில் எதையும் சொல்லவில்லை. கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் மானத்தை அவர் காப்பாற்றிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார்.

நான் அரைச்சுவருக்கு மேலால் பார்த்தேன். வாப்பா கைகழுவும் தட்டத்துக்கு முன்னால் இருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. தண்ணீர் ஊற்றி முடிந்தும் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சானுடைய கையைப் பிடித்தார்.

“மகன், எங்களுக்கு விளங்கல்ல. மாப்புத் தாங்க. வீட்ட வாங்க.”

வாப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, “நாளைக்கு வாறன் மாமா” என்றார்.

வீட்டுக்கு வந்து வாப்பா குசினிப் படியில் உட்கார்ந்து உம்மாவிடம் சொன்னார். உம்மா முதலில் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் மாமி தின்றதைச் சொன்னேன். உம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “வயித்துப் புள்ளைக்காரிட வாயில இரிந்து பறிச்சுக் கோழிக்குப் போட்டிரிக்கன்,” என்றாள். “என்ட கையாலே போட்டிரிக்கன்.” அழக்கூட அவளுக்கு வரவில்லை.

ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லச் சொன்னாள். “கேட்டாரே உம்மா. மீன் எப்பிடி எண்டு கேட்டாரே.”

பெரிய மாமாவுக்கு விஷயம் போனது. “அதை வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்தா உதிரும்?” என்றாராம். மவுத்தாகும் வரை அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இருக்கவில்லை. அவருடைய பங்கு வெட்கத்தையும் சேர்த்து நாங்கள்தான் சுமந்தோம்.

மச்சான் வந்தார். வந்தவர் பிறகு எங்கும் போகவில்லை. மகன் பிறந்தான், காதில் பாங்கு சொன்னார். அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகள். கடையில் நின்றவர் சொந்தக் கடை வைத்தார். உம்மா மவுத்தானபோது மையித்தைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் அவர். எங்களைப் பார்த்து ஒரு குறை சொன்னதில்லை. போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். ஆனால் கோழிக்குப் போகுது என்று கேட்டதற்குப் பிறகு, அவ்வளவு காலத்திலும் எங்கள் வீட்டில் அவர் ஒரு பருக்கை சோறு மிச்சம் வைத்ததில்லை. ராத்தா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பார், தின்று முடிப்பார். அவர் திரும்பி வந்த அந்த முதல் நாளிலேயே எங்களுக்கு அது தெரிந்துபோனது.

அன்று உம்மா விடியவே எழும்பிச் சமைத்தாள். பீங்கானில் இரண்டு நடுத்துண்டு வைத்தாள், ஒன்று அவருக்கு, ஒன்று ஒதுக்குவதற்கு. ராத்தா கையைக் கழுவிக்கொண்டு, குசினியில் பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். சீலைக்கு அந்தப் பக்கம் மச்சான் தின்னும் சத்தம்கூட வரவில்லை. உம்மாவால் பொறுக்க முடியவில்லை. அந்த வீட்டில் முதல் தடவையாக, என்னை நடுவில் விடாமல், சீலையிடம் வாயை வைத்து நேரே கதைத்தாள்.

“மகன், சட்டியில இன்னும் இரிக்கி. அவளுக்கும் வெச்சிரிக்கன்.”



“புள்ள,” என்று என்னைக் கூப்பிட்டார் மச்சான். “உம்மாட்டச் சொல்லு, சோறு நல்லாரிந்திச்சாம்.”

நான் பீங்கானைத் தூக்கினேன். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது. இரண்டு துண்டின் முள்ளும் ஓர் ஓரத்தில் ஒழுங்காக இருந்தன. மற்றபடி விரலால் வழித்து வழித்துத் தின்றிருந்தார். ராத்தா அதை என் கையிலிருந்து வாங்கினாள். கழுவவில்லை. பானையிலிருந்து வெறும் சோற்றை அதிலேயே போட்டு, ஆணம் ஒட்டிய இடத்தில் பிசைந்து, தின்னத் தொடங்கினாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. உம்மா சட்டியில் இருந்த நடுத்துண்டை அகப்பையில் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ராத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் உம்மா அப்படியே ஏந்திக்கொண்டு நின்றாள்.